மெரிடன் என்ற பேர் வந்த வழி

"ஓலை வாசிக்கும்போ நான் எழும்பி நிப்பேன், பாத்துக்கோ" என்றார் அண்ணன்.

அவர் கையில் அப்போது சாளை மீனின் நடுமுள் இருந்தது. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மரச்சீனிக் கிழங்கை மீன்கறியில் தொட்டு நிதானமாகச் சாப்பிட்டார். கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிற ஆளாக இருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னதால்தான் பயந்தேன்.

என் மனைவி லில்லி கறிச்சட்டியோடு அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். மகள் ஜெபா தலையைக் குனிந்து கிழங்கைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவள் கல்யாணத்தைப் பற்றித்தான் பேச்சு.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் சில ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனையின் நடுவே மணமக்களின் பெயர்களை வாசிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். பனையோலை போய்க் காகிதம் வந்த பிறகும் பேச்சில் அது ஓலைதான். வாசித்து முடித்ததும், இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் கேட்டதும் ஒரு சின்ன அமைதி வரும். பிறகு பாட்டு. அந்த அமைதியில் யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

அண்ணன் நிற்பார். செல்வராஜ் மெரிடன், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். ஒருமுறை பிரசங்கத்தின் நடுவில் எழுந்து, "ஐயரே, அது பதினாலாம் அதிகாரம் இல்ல, பதினஞ்சு" என்று திருத்தியவர். மைக் இல்லாமலே விளையாட்டு மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற குரல்.

ஐயர் தந்த பேர்

இந்தப் பத்தியில் என் மஸ்கட் கேம்ப் வாழ்க்கையைப் பற்றி எழுதிய வாரங்களில் வாசகர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். உங்கள் பேரில் டேவிட் சரி, மெரிடன் எங்கிருந்து வந்தது? இரணியல்காரனுக்கு இங்கிலாந்துக்காரன் பேர் எப்படி?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. மஸ்கட்டில் நான் போய் இறங்கிய அன்று, கம்பெனி எனக்குக் கேம்பில் தனி அறை ஒதுக்கியிருந்தது. ஏசி, குளியலறை, மேசைமேல் ஒரு கூடை ஆரஞ்சு. பேரைப் பார்த்து வெள்ளைக்காரன் வருகிறான் என்று நினைத்துவிட்டார்கள். ஆளைப் பார்த்த பிறகு கேம்ப் பாஸ் மிகவும் வருத்தப்பட்டு, என்னை இரண்டடுக்குக் கட்டில்கள் போட்ட பொது அறைக்கு மாற்றினார். ஆரஞ்சு ஒன்றை மட்டும் நான் பையில் போட்டுக்கொண்டேன். நல்ல புளிப்பு.

எங்கள் குடும்பத்தில் சொல்லும் கதை இது. மெரிடன் ஐயர் என்று ஒரு மிஷனரி குதிரையில் வந்தார். பனங்காட்டில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பார்த்தார். அவன்தான் எங்கள் பூட்டன் மாசிலாமணி. ஐயருக்குப் பிள்ளை இல்லை. பையனைத் தூக்கிக் குதிரையில் வைத்துக்கொண்டு போய், ஞானஸ்நானம் கொடுத்து, தன் சொந்தப் பேரையும் கொடுத்தார். அன்றிலிருந்து நாங்கள் மெரிடன்.

கதையில் குதிரையின் நிறம் ஆளுக்கு ஆள் மாறும். மற்றபடி மாறாது.

அண்ணனுக்கு இந்தக் கதை ஏன் அவ்வளவு இனித்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் பிள்ளை இல்லை. நான் மஸ்கட்டில் கிடந்த வருஷங்களில் ஜெபாவுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, காய்ச்சல் வந்தால் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் அவர்தான். பேரை நான் கொடுத்தேன், பிள்ளையை அவர் வளர்த்தார். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சரி, தடை என்ன? ஜெபா திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பேர் அஜின், குழித்துறைப் பக்கம், நம்ம சபை என்றாள். எல்லோருக்கும் சந்தோஷம். பெண் கேட்க வருவதற்கு முன் முழுப் பேரும் வந்தது. அஜின் மெரிடன்.

எங்களில் அத்தை மகன், மாமன் மகன் என்றால் ஒன்றும் இல்லை. ஒரே குடும்பப் பேர் என்றால் பங்காளி. அண்ணன் தங்கை முறை. வேதம் மாறியும் இது மாறவில்லை.

"கூடப்பொறந்தவன கெட்டுவாளா? அம்மையும் அப்பனும் சம்மதிச்சாலும் நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார் அண்ணன்.

ஜெபா அன்று ராத்திரி என்னிடம் வந்தாள். "பெரியப்பா வந்து நிக்காத கலியாணம் எனக்கு வேண்டாம்ப்பா. அதுக்காக அஜின விட்டுருவேன்னும் நினைக்காதீங்க. ரெண்டும் வேணும்."

வேறு வழியில்லாமல்தான் நான் குடும்ப வரலாற்று ஆராய்ச்சியில் இறங்கினேன்.

போர்டில் இல்லாதவர்

அஜின் முதலில் சொன்ன யோசனை, எச்சிலைக் குழாயில் துப்பி வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதிக்கலாம் என்பது. அதை அண்ணனிடம் சொன்னேன். "துப்புனா குடும்பம் தெரியுமா? போ லே" என்றார். அத்தோடு விஞ்ஞானம் முடிந்தது.

பழைய சபைகளில் வாசல் பக்கம் ஒரு பலகை இருக்கும். அந்தச் சபையில் ஊழியம் செய்த ஐயர்களின் பேர் முதலிலிருந்து எழுதியிருக்கும். ஜெபாவும் அஜினும் நானும் ஒரு மாதம் சனிக்கிழமைகளில் பழைய காரில் சபை சபையாகப் போனோம். தக்கலைப் பக்கம், நெய்யூர்ப் பக்கம், குழித்துறைக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்குள். வெள்ளைக்கார ஐயர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மெரிடன் ஐயர் ஒரு பலகையிலும் இல்லை.

"விட்டுப்போயிருக்கும்" என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"எல்லா எடத்துலயுமாப்பா?" என்றாள் ஜெபா.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் வலித்தது. அண்ணனைப்போல நான் பேரைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன் இல்லை. ஆனாலும் குதிரையிலிருந்து அந்த மனிதர் இறங்கிப் போய்விட்டதுபோல் இருந்தது.

எலினா

குழித்துறை மெரிடன்கள் வீடு ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி. போனவுடன் கட்டன் சாயாவும் ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் வந்தது. அஜினின் அப்பா எங்களுக்குக் குடும்பக் கதையைச் சொன்னார். மெரிடன் ஐயர் என்று ஒரு மிஷனரி வந்தாராம். அவருக்குப் பிள்ளை இல்லையாம். ஒரு பையனை எடுத்து வளர்த்துப் பேரைக் கொடுத்தாராம். அந்தப் பையன் அவர்களுடைய பூட்டன் ஞானாபரணம். குதிரைக்குப் பதில் இங்கே ஆற்றில் வந்த வள்ளம், அவ்வளவுதான் வித்தியாசம்.

போச்சு, பங்காளியேதான் என்று நான் சாயாவைக் கீழே வைத்தேன்.

அஜினின் அத்தை தங்கபாய் அதுவரை மூலையில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். எண்பதை ஒட்டிய வயது. பேச்சில் அவ்வளவு நாட்டம் இல்லாதவர் மாதிரி இருந்தார்.

"ஐயராவது மண்ணாவது" என்றார். "அது போர்டிங் பேராக்கும்."

"என்ன போர்டிங் அத்தை?" என்று அஜின் கேட்டான்.

"பிள்ளைய தங்கிப் படிக்குத மிஷன் போர்டிங். நானும் கெடந்தேன்லா. அங்க எனக்கு எலினான்னு பேரு."

அவர் தம்பியான அஜினின் அப்பாவே அப்போதுதான் அதைக் கேள்விப்படுகிறார். "நீயா, எலினாவா?" என்றார்.

"சிரிக்காத. சீமையில ஒரு அம்மா இஞ்ச ஒரு பிள்ளையத் தாங்குவா. சாப்பாடு, துணி எல்லாம் அவளுக்க கணக்கு. அந்தப் பிள்ளைக்கு அவ சொல்லுத பேரு. எனக்கு முன்னால அந்த எடத்துல கெடந்த பிள்ளைக்கும் எலினாதான். நான் வீட்டுக்கு வந்த பொறவு அடுத்து வந்த பிள்ளைக்கும் எலினா. சீமைக்காரிக்கு எப்பவும் ஒரு எலினா இருக்கணும்லா?"

"மூணு பேருக்கும் ஒரே பேரா?" என்றேன்.

"பேரு பிள்ளைக்கு இல்ல சாரே, பாய்க்காக்கும். பாய்ல யாரு படுக்காளோ அவ எலினா. பொம்பளப் பிள்ளைய வீட்டுக்கு வந்தா பழைய பேரு ஆயிருவோம். ஆம்பளப் பிள்ளைய மிஷன்லயே படிச்சு, அங்கயே வேலைக்கும் நிண்ணானுவ. அவனுவளுக்குப் பேரு ஒட்டிக்கிட்டு."

மின்விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இப்பவும் எவளாவது எலினான்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பேன்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.

சுவர்

பழைய ஆண்கள் போர்டிங் கட்டடம் இன்னும் நிற்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிகளும், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கான மூங்கில் சட்டங்களும் போட்டு வைக்கும் சாமான் கிடங்காக இருக்கிறது. ஜெபாவும் நானும் சாவிக்காரரிடம் சொல்லி உள்ளே போனோம். வௌவால் நாற்றம். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், நீளச் சுவர் முழுக்க வரிசையாக மாடங்கள். பையன்கள் தட்டும் சீப்பும் வைத்துக்கொள்ள. ஒவ்வொரு மாடத்துக்கும் மேலே கல்லில் ஒரு பேர்.

ஜெபா ஒவ்வொன்றாக வாசித்தாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பல் டாக்டர் குடும்பத்தின் பேர் அங்கே இருந்தது. நாகர்கோவிலில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களின் பேர் இருந்தது. தன் முப்பாட்டன் ஸ்காட்லாந்துக்காரர் என்று கல்யாண வீடுகளில் சொல்லித் திரியும் ஒரு வக்கீலின் பேரும் இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஜன்னலுக்குப் பக்கத்து மாடத்தில் மெரிடன். ஒருவர் போன பிறகு இன்னொருவராக, எங்கள் பூட்டனும் அஜினின் பூட்டனும் இதே மாடத்தில்தான் தட்டு வைத்திருக்க வேண்டும்.

சிரிப்பு நின்றுவிட்டது. மாடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைகூடப் போகவில்லை. மஸ்கட்டில் என்னைத் தனி அறையிலிருந்து மாற்றிய நாள் நினைவுக்கு வந்தது. பேரைப் பார்த்து இடம் கொடுப்பது அப்போதே இருந்திருக்கிறது.

கிரானைட்

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். போட்டோக்களையும் பார்த்தார். "எலினா கிலினா எல்லாம் பொம்பளப் பிள்ளைய காரியம். நம்ம பூட்டனுக்கு ஐயர் குடுத்த பேராக்கும்" என்றார். "சுவத்துல பேரு இருந்தா? ஒரே அப்பனுக்க ரெண்டு பிள்ளையளும் அங்க நிண்ணுருக்கலாம்லா? பங்காளி இல்லன்னு எப்படிச் சொல்லுவ?"

நியாயமான கேள்வி. அதை அப்படியே அஜினிடம் சொன்னேன்.

அந்த ஞாயிறு மாலை தங்கபாய் அத்தையை அஜின் காரில் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்க பூட்டனுக்க கல்லறையில அவருக்க அப்பன் பேரு போட்டிருக்கு, சாரே. பப்பு மகன் ஞானாபரணம் மெரிடன்னு. உங்க பூட்டனுக்க கல்லறையில என்ன போட்டிருக்கு?"

"மெரிடன் ஐயரின் ஞானப்புத்திரன் மாசிலாமணி மெரிடன்" என்றார் அண்ணன், நெஞ்சு நிமிர்த்தி.

"அது பளய கல்லா?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் சொன்னேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் மெரிடன் குடும்ப சங்கமம் நடந்தபோது, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் அடித்து, பிளெக்ஸ் கட்டி, பிரியாணி போட்டதோடு, பூட்டன் கல்லறைக்கும் அண்ணன் கறுப்பு கிரானைட் ஒட்டினார். அந்த வாசகம் அண்ணன் எழுதிக் கொடுத்தது.

"மூடுறதுக்கு முன்னால வாசிச்சியளா?" என்று கேட்டார் தங்கபாய் அத்தை.

குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். பாசி பிடித்து, சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து தூர்ந்துபோன பழைய கல். யாரும் சுரண்டிப் பார்க்கவில்லை. வேலை தொடங்கும் முன் எடுத்த போட்டோ ஒன்று உண்டு. அதிலும் எழுத்தை மறைத்துக்கொண்டு அண்ணன் நிற்கிறார்.

"வாசிக்கல்ல" என்றார் அண்ணன்.

சாயா ஆறிப்போனது. அத்தை கிளம்பும்போது அண்ணன் கார்வரை போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

உளி

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். கிரானைட்டை எடுக்க ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணனிடம் சொல்லவில்லை. போனால், அவருடைய ஸ்கூட்டர் வாசலில் நிற்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லறைக்கு முன்னால் நிற்கிறார்.

"உளியக் கொண்டா" என்றார் கொத்தனாரிடம். "நான் போட்டது. நானே எடுக்கேன்."

முதல் அடியில் கிரானைட்டின் மூலை தெறித்தது. ஞானப்புத்திரன் என்பதில் பாதி போயிற்று. மழை ஈரத்தில் சிமெண்ட் தூள் சேறாகி அவர் கால்மேல் விழுந்தது. வயதான ஆள், மூச்சு வாங்கியது. நான் கை நீட்டினேன், தரவில்லை. கல் முழுக்க வெளியே வந்ததும் கொத்தனார் இரும்புத் தகட்டால் மெதுவாகச் சுண்ணாம்பைச் சுரண்டினார். அண்ணன் தண்ணீர் ஊற்றினார். எழுத்து தெரிய ஆரம்பித்தது.

இசக்கிமாடன் மகன் மாசிலாமணி.

கீழே ஒரு சிலுவை. அவ்வளவுதான்.

அண்ணன் குனிந்து, கல்லின் நாலு ஓரத்தையும் கையால் தடவினார். பின்பக்கமும் போய்ப் பார்த்தார்.

"மெரிடன் இல்லியே லே" என்றார்.

இல்லை. ஆயுசு முழுக்க மிஷன் அவரை அந்தப் பேரில் கூப்பிட்டிருக்கும். அவர் பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. தன் கல்லில் மட்டும் அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. அப்பன் பேரைப் போட்டுக்கொண்டார். அந்த அப்பன் பேரை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. அதன்மேல்தான் நாங்கள் கிரானைட் ஒட்டி, பிரியாணி சாப்பிட்டோம்.

அண்ணன் பக்கத்துக் கல்லறை விளிம்பில் உட்கார்ந்தார். அழுதார் என்று எழுதினால் அவருக்குப் பிடிக்காது. முகத்தைத் துடைத்தார் என்று எழுதுகிறேன்.

ஓலை

அதன்பிறகு அண்ணன் கல்யாணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சாப்பிட வந்தார், போனார். ஜெபா, "பெரியப்பா" என்று தொடங்கினால், "பொறு பிள்ளே" என்பார். ஓலை கொடுக்க வேண்டிய நாள் வந்தது. கொடுத்துவிட்டோம்.

அந்த ஞாயிறு காலை லில்லி எனக்கு இரண்டு முறை சட்டை மாற்றிவிட்டாள், பயத்தில். கோயிலில் ஆண்கள் பக்கம் அண்ணன் வழக்கம்போல் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்தில். அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் ஜெபா, முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். இரணியல் டேவிட் மெரிடன் குமாரத்தி ஜெபா. குழித்துறை இன்னார் மெரிடன் குமாரன் அஜின். இரண்டாவது மெரிடனில் சபையில் ஒரு சலசலப்பு. தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டார்.

அண்ணன் எழுந்து நின்றார்.

என் கை தானாக அவர் வேட்டி விளிம்பைப் பிடித்தது. ஐயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முன்வரிசைக் கிழவர்கள் கழுத்தைத் திருப்பினார்கள்.

"நான் செல்வராஜ். இந்தப் பிள்ளைக்குப் பெரியப்பன்" என்றார். என் நினைவில் அவர் மெரிடன் இல்லாமல் தன் பேரைச் சொன்னது அதுதான் முதல் முறை. "எங்க பூட்டன் மாசிலாமணி, இசக்கிமாடனுக்க மவன். மாப்பிள வீட்டுப் பூட்டன் ஞானாபரணம், பப்புவுக்க மவன். ரெண்டும் ரெண்டு குடும்பமாக்கும். நான் கல்லுல கண்ணால பாத்தாச்சு. தடை ஒண்ணும் இல்ல. எனக்க பிள்ளைக்க கலியாணம் நடக்கட்டு."

உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கம் ஜெபா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். ஐயர் இரண்டு வினாடி தடுமாறி, பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்தோம். ஆர்மோனியம் தொடங்கியது.

அண்ணன் பாடவில்லை. பக்கத்தில் குனிந்து என் காதில் கேட்டார். "பேரச் செரியாச் சொன்னனா லே?"

"சொன்னிய. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுது."

அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். கம்பிக்கு வெளியே கல்லறைத் தோட்டம், முந்தின ராத்திரி மழையில் நனைந்து கிடந்தது.

"அங்க கேட்டிருக்குமா லே?" என்றார்.